ஏழாவது பெட்டியில் புகை

சுரங்கத்தின் வாயைப் பார்த்தபடி கேமரா ஸ்டாண்டை நிறுத்திய கொரின், இனிமேல் யாராவது பக்கத்தில் இருமினால்கூடக் கழுத்தை நெரித்துவிடுவேன் என்பதுபோல என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தின்றுகொண்டிருந்த, உள்ளே இறைச்சி வைத்துச் சுட்ட பெப்பரோனி ரொட்டியின் காகிதத்தைக் கசக்காமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

கொரின் டீட்டரும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறோம். நான் மஞ்சள் பஸ் ஓட்டுகிறேன். அவள் ஆண்டு மலருக்காகப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, சிரிக்கவைத்துப் படம் எடுக்கிறாள். விடுமுறை நாட்களில் இருவரும் சேர்ந்து ரயிலைத் துரத்துகிறோம். ஓரிடத்தில் நின்று ரயிலைப் படம் பிடிப்பது, அது அடுத்த வளைவைத் தாண்டுவதற்குள் மலைச்சாலையில் முந்திப் போய் அங்கேயும் நிற்பது, இதுதான் துரத்தல். ஓட்டுவது நான், எடுப்பது அவள். மேற்கு வர்ஜீனியாவின் எங்கள் மூலையில் இதைப் பைத்தியக்காரத்தனம் என்று யாரும் சொல்வதில்லை. மான் வேட்டைக்குப் போகாதவன் ரயில் பார்க்கப் போவான், அவ்வளவுதான்.

அன்று அக்டோபர் மாதத்து ஞாயிறு. மேப்பிள் மரங்கள் தீப்பிடித்தாற்போல நின்றன. இந்தச் சமயத்தில் தனியார் பெட்டிகளின் சிறப்பு ரயில் ஒன்று எங்கள் மலைப்பாதையில் வரும். இரண்டு டீசல் என்ஜின்கள், பின்னால் பதினோரு பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் ஒருவருக்குச் சொந்தம். பழைய காலத்துப் பெட்டிகளை வாங்கி, பித்தளையைத் தேய்த்து, மெத்தை மாற்றி, வீட்டைப்போல வைத்துக்கொள்ளும் ஆட்கள். சிவந்த இலைகளைப் பார்க்க வருகிறவர்கள் டிக்கெட் எடுத்து அதில் உட்கார்ந்து, வெள்ளைத் துணி விரித்த மேசையில் சாப்பிட்டுக்கொண்டே மலையிறங்குவார்கள்.

ஏழாவது பெட்டியின் பெயர் 'லாரல் ரன்'. கரும்பச்சை நிறம், பொன் எழுத்து. மரம் அறுக்கும் ஆலை வைத்திருக்கும் ஹாலிஸ் கிரம்ரைன் அதன் சொந்தக்காரர். என் மனைவி நோரீன் அதில் சமையல். வருடத்துக்கு நாலைந்து பயணம் அவருக்காகப் போய்ச் சமைத்துக் கொடுத்துவிட்டு வருவாள்.

கொரினும் அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்து வந்திருக்க வேண்டியவள்தான். வசந்த காலத்தில் ஹாலிஸ் தன் விளம்பரத்துக்காக அவளைப் படம் எடுக்கச் சொன்னார். எடுத்துக் கொடுத்தாள். ஜன்னலுக்குக் கீழே வண்ணப்பூச்சு கொப்பளித்துத் துரு எட்டிப் பார்த்தது படத்தில் தெரிந்தது. அழித்துக் கொடு என்றார். முடியாது, முதலில் துருவைச் சுரண்டுங்கள் என்றாள். வார்த்தை தடித்து, இனிமேல் என் பெட்டிப் பக்கமே வராதே என்று சொல்லிவிட்டார். அதனால் அவள் சாலையோரத்தில் நின்றாள்.

என் இடுப்பில் தொங்கிய ரேடியோப் பெட்டி கரகரத்தது. ரயில்காரர்கள் பேசிக்கொள்வதை அதில் கேட்கலாம், நாம் பேச முடியாது. மலைக்கு அந்தப் பக்கம் தண்டவாளத்தோரம் ஒரு கருவி இருக்கிறது. கடந்து போகும் சக்கரங்களின் சூட்டை அளந்து, தானே குரல் கொடுக்கும். அந்த இயந்திரக் குரல் "பழுது இல்லை, பழுது இல்லை" என்று சொல்லிவிட்டு அடங்கியது.

"வருது," என்றேன்.

என்ஜின் சுரங்கத்தைவிட்டு வெளியே வந்தது. கொரினின் கேமரா தையல் மிஷின்போலச் சடசடத்தது. ரயில் பெட்டி பெட்டியாக வெளிச்சத்துக்கு வந்தது, ஜன்னலெல்லாம் கைகள். லாரல் ரன்னின் சமையலறை ஜன்னலில் நோரீன் தோன்றி, பாத்திரம் துடைக்கும் துணியை என்னைப் பார்த்து ஆட்டினாள். நானும் ஆட்டினேன். கடைசிப் பெட்டி வளைவில் மறைந்ததும் நான் ஸ்டாண்டை மடக்க ஓடினேன். துரத்தலில் அதுதான் என் வேலை.

கொரின் நகரவில்லை. கேமராத் திரையில் வெயில் படாமல் கையால் மறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிளம்பு கொரின், பாலத்துல இடம் கெடைக்காது."

"லோவெல், இங்க வா."

"வண்டியில பாத்துக்கலாமே."

"இங்க வான்னு சொல்றேன்ல!"

போய்ப் பார்த்தேன். லாரல் ரன் பாதி வெளியே, பாதி சுரங்க இருட்டுக்குள். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பின்பக்கச் சக்கரத்துக்குக் கொண்டு போனாள். சக்கரம் இருட்டுக்குள் இருந்தது. அச்சின் முனையை மூடியிருக்கும் இரும்புப் பெட்டி, பேரிங் உட்காரும் இடம், அடுப்பில் கிடந்த கரிபோல மங்கிய ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. அடுத்த படத்தில் அது வெயிலுக்கு வந்துவிட்டது. அதில் நிறம் தெரியவில்லை. மெல்லிய புகை மட்டும் இருந்தது.

"பிரேக் சூடா இருக்குமோ?" என்றேன். இறக்கத்தில் பிரேக் கட்டை தேய்ந்து புகைவது எல்லா ரயிலிலும் உண்டு.

"பிரேக் சக்கரத்து மேல உரசும். இது அச்சு முனை. பேரிங் போச்சு லோவெல்." அவள் குரல் இறங்கியது. "இது இப்படியே உருண்டா அச்சு அறுந்துடும்."

இறக்கம் முழுக்க இன்னும் மிச்சம் இருந்தது. அதன் அடியில் ஹேக்கர் பள்ளத்துப் பாலம். இரும்புக் கால்களில் நிற்கிற பாலம், கீழே பாறையும் ஓடையும். எனக்கு அந்த ஆரஞ்சு நிறம் கண்ணைவிட்டுப் போகவில்லை. அதற்கு நேர் மேலே, சற்று முன்தள்ளி, என் மனைவி துணியை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

போனை எடுத்தோம். இருவருடையதிலும் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. பள்ளத்தாக்கில் எப்போதுமே இருக்காது.

"பாப்டிஸ்ட் சர்ச் மேடு," என்றாள் கொரின். "அங்க கிடைக்கும். ஓட்டு."

ஸ்டாண்டை மடக்காமலே பிக்கப் வண்டியின் பின்னால் எறிந்தேன். ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இத்தனை வருஷமாக அதே சாலையில் பொறுமையாக ஓட்டியவன், அன்று ஓட்டிய விதத்தை எந்தத் தாயும் பார்க்காததே நல்லது. சர்ச் மேட்டில் வண்டி நிற்பதற்குள் அவள் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டாள். கீழே, மரங்களுக்கிடையில் ரயில் பக் ராக் இடுக்கைத் தாண்டிக்கொண்டிருந்தது. அந்த இடுக்கில் மட்டும் ரயிலில் இருப்பவர்களுக்கும் சிக்னல் கிடைக்கும்.

அவள் ஹாலிஸைக் கூப்பிட்டாள். எடுத்துவிட்டார். பின்னணியில் சிரிப்பும் கண்ணாடிக் குவளைகளின் சத்தமும் எனக்கே கேட்டன.

"ஹாலிஸ், கொரின் பேசறேன். போன வச்சிடாதீங்க. உங்க பெட்டியில பின்பக்க பேரிங் எரியுது. பள்ளத்துப் பக்கம். படம் எடுத்திருக்கேன். உடனே ரயில நிறுத்தச் சொல்லுங்க."

"என்னம்மா இது? இறக்கத்துல வர்றோம். எல்லா பெட்டியும்தான் புகையும்."

"புகை இல்ல, செவப்பா ஒளிருது! அச்சு முனையில!"

"இப்பத்தான் அந்த மிஷின் பழுது இல்லன்னு சொல்லிச்சு. நானே கேட்டேன்."

"அது மலைக்கு அந்தப் பக்கம்! சுரங்கத்துக்கு முன்னாடி!"

"உனக்கு என் பெட்டியப் பாத்தாலே கெட்டதுதான் கண்ணுல படும். விருந்தாளிங்க இருக்காங்க. அப்புறம் பேசலாம்."

"ஹாலிஸ், தயவு செஞ்சு, எட்டியாவது பாருங்..."

வைத்துவிட்டார். மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. மூன்றாம் தடவை மணி அடிக்கவேயில்லை. ரயில் இடுக்கைத் தாண்டி மரங்களுக்குள் போய்விட்டது.

நான் அவசர உதவிக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் நிதானமாகப் பேசினாள். "எந்த இடத்துலேர்ந்து கூப்பிடறீங்க சார்?"

"பாப்டிஸ்ட் சர்ச் மேடு. ரயிலு, ரயில நிறுத்தணும். மில்ஸ்டோனுக்குப் போற சிறப்பு ரயில். சக்கரம் எரியுது."

"சார், நீங்க நிக்கிற இடம் பக்கத்து மாவட்டம். மாத்திவிடறேன், லைன்லயே இருங்க."

"அம்மா, மாத்தாதீங்க, நீங்களே ரயில்காரங்களுக்கு..."

டக்கென்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. கொரின் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். "வா. கையக் காட்டித்தான் நிறுத்தணும்."

ரயில்காரர்களுக்கு ஒரு விதி உண்டு. பாதையருகே யாராவது எதையாவது பலமாக ஆட்டினால் அது நிறுத்தச் சொல்லும் சைகை. அதை நம்பித்தான் ஸ்டிங்கர் ஓடை லெவல் கிராசிங்குக்கு ஓட்டினேன். ரயிலுக்குச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தோம். கேட் இறங்கி மணி அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் மடக்கு நாற்காலி போட்டு, குழந்தைகளோடு ரயில் பார்க்க உட்கார்ந்திருந்தார்கள்.

கொரின் தன் மேல்கோட்டைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றினாள். நான் இரண்டு கையாலும் ஆட்டினேன். "நிறுத்து! நிறுத்து!" என்று கத்தினேன். நாங்கள் ஆட்டுவதைப் பார்த்து நாற்காலிக் குழந்தைகளும் எழுந்து குதித்துக்குதித்து ஆட்டினார்கள். அவர்களுடைய அப்பா தொப்பியை ஆட்டினார்.

என்ஜின் டிரைவர் ஜன்னலில் முழங்கையை வைத்தபடி எங்களைப் பார்த்தார். புன்னகைத்தார். கையை உயர்த்தி ஆட்டினார்.

காலையிலிருந்து அந்த மனிதரைப் பார்த்து ஊர் ஊராகக் கை ஆட்டியிருக்கிறார்கள். அவருக்கு நாங்களும் அந்தக் கூட்டத்தில் சேர்த்திதான்.

நான் கேட்டைத் தாண்டி உள்ளே ஓடினேன். ஒவ்வொரு பெட்டியிலும் அவசரத்துக்கு இழுக்கிற பிரேக் கைப்பிடி உண்டு. நோரீன் அதை இழுத்தால் போதும். ஏழாவது பெட்டி வந்தது. ஜன்னலில் அவள் இருந்தாள். "பிரேக்க இழு! நோரீன்! பிரேக்க இழு!" என்று கத்திக்கொண்டே, முஷ்டியை மேலே தூக்கிக் கீழே இழுத்துக் காட்டினேன். திரும்பத் திரும்பக் காட்டினேன்.

அவள் விழுந்துவிழுந்து சிரித்தாள். எங்கள் ஊரில் அந்தச் சைகைக்கு ஒரே அர்த்தம்தான். ஹார்ன் அடி என்பது. சாலையோரத்துப் பிள்ளைகள் லாரிக்காரர்களிடம் அப்படித்தான் கேட்பார்கள். முன்னாலிருந்து டிரைவரும் அதைப் பார்த்திருக்க வேண்டும். எனக்காக நீளமாக ஹார்ன் அடித்தார். நாற்காலிக் குழந்தைகள் ஆரவாரம் செய்தார்கள்.

பின்சக்கரம் என்னைக் கடந்தபோது முகத்தில் சூடு அடித்தது. கருகிய எண்ணெய் வாடை. புகை இப்போது கையளவு தடிமனாகச் சக்கரத்துக்கடியில் சுருண்டு போய்க்கொண்டிருந்தது. அதோடு ஒரு கீச்சுச் சத்தம்.

"இன்னும் ஒரு இடம்தான் இருக்கு," என்றாள் கொரின். அவள் முகம் மாவுபோல வெளுத்திருந்தது. "பாலம்."

சாலைக்குத் திரும்பிய எங்கள் முன்னால் மரக்கட்டை ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்து போனது. நான் ஹார்ன் அடித்தேன். அவன் கையை வெளியே நீட்டிப் பொறுமை பொறுமை என்று காட்டினான். வலது பக்கம் மலை, இடது பக்கம் பள்ளம், வளைவுக்கு வளைவு.

"முந்திப் போ," என்றாள்.

"எதுக்க வண்டி வந்தா?"

"உன் பொண்டாட்டி அங்க இருக்கா லோவெல். எனக்குத் தெரிஞ்ச எத்தனையோ பேர் இருக்காங்க. போ!"

போனேன். எதிரே ஒரு தபால் வண்டி வந்தது. அதற்கும் லாரிக்கும் நடுவே எப்படிப் புகுந்தேன் என்று இன்றுவரை தெரியாது. என் பக்கத்துக் கண்ணாடி உடைந்து தொங்கியது. கொரின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஹேக்கர் பள்ளத்தில் மலைச்சரிவு முழுக்கக் கேமராக்காரர்கள். ஏணி போட்டு நின்றவர்கள், முட்டி போட்டவர்கள், ஸ்டாண்டுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. விடியும்முன்பே வந்து இடம் பிடித்தவர்கள். வளைவிலிருந்து ரயில் வெளிப்பட்டு, சிவந்த மலையின் முன்னால் பாலத்தில் ஏறும் அந்த ஒரு படத்துக்காக மாநிலம் தாண்டி வந்தவர்கள். எங்கள் உலகத்தில் ஒரு பாவம் உண்டு, மன்னிப்பே கிடையாது. வரிசை போட்டு நிற்கிறவர்களின் படத்துக்குள் நடந்து போவது.

கொரின் சரிவில் சறுக்கி இறங்கி, தண்டவாளத்துக்கு நடுவே போய் நின்றாள்.

ஒரு கணம் யாருக்கும் நம்ப முடியவில்லை. பிறகு மொத்தச் சரிவும் கத்தியது.

"ஏய்! வெளிய வா!"

"யம்மா தாயே, பைத்தியமா நீ?"

"ரயில் வருதுடி, சாகணும்னா வேற எடத்துல போய்ச் சாவு!"

"ரயில நிறுத்தணும்!" என்று கொரின் மேல்நோக்கிக் கத்தினாள். யார் காதிலும் ஏறவில்லை. ஒரு ஆப்பிள் வந்து தண்டவாளத்தில் மோதிச் சிதறியது.

நான் அவளருகே ஓடினேன். வரிசையிலிருந்து ஒரு பெரிய உருவம் இறங்கி வந்தது. ஆர்லோ பென்னிங்டன். வேட்டைக்காரர்கள் போடுகிற ஆரஞ்சு நிற மேல்சட்டை, மார்புவரை தாடி. எங்கே வரிசை போட்டாலும் ஒழுங்கு செய்வது அவர்தான். வந்த வேகத்தில் கொரினின் கையைப் பிடித்து இழுத்தார்.

"கொரின், உனக்கு என்ன கேடு? நீயே இப்படிப் பண்ணலாமா?"

"கைய விடு ஆர்லோ. இதப் பாரு."

"அப்புறம் பாக்கறேன், முதல்ல வெளிய வா."

"இதப் பாருன்னு சொல்றேன்!" கேமராவை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

வளைவுக்கு அப்பால் ஹார்ன் சத்தம் கேட்டது. தண்டவாளம் மெல்ல முனகத் தொடங்கியது. அதை என் காலடியில் உணர்ந்தேன். ஆர்லோ திரையைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"எங்க எடுத்தது?"

"சுரங்க வாசல்ல. இப்பப் புகை இன்னும் மோசம்."

"பிரேக்கா இருக்கலாம் கொரின்."

"இருக்கலாம். பிரேக்கா இருந்தா ஜென்மத்துக்கும் என்ன ஏசு. இல்லன்னா?"

அவர் திரும்பிப் பாலத்தைப் பார்த்தார். பிறகு மேலே, இன்னும் கத்திக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார். அவர்களில் பாதிப் பேரை அவர்தான் அங்கே கூட்டி வந்தவர். தாடிக்குள் என்னவோ முணுமுணுத்துக்கொண்டே ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றினார்.

"டேய்! எல்லாரும் இறங்குங்கடா!" அந்தக் குரல் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மோதித் திரும்பி வந்தது. "ஆரஞ்சு சட்டை போட்டவன்லாம் கீழ வாங்க! ரயில நிறுத்தறோம்!"

சிலர் வந்தார்கள். சிலர் வரவில்லை. கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒருவன், "படம் போச்சே, படம் போச்சே," என்று புலம்பிக்கொண்டிருந்தான். இறங்கியவர்கள் தண்டவாளத்தின் மேலும் இருபுறமும் நின்றார்கள். கொரின் எல்லாரையும்விட முன்னால், வளைவை நோக்கி.

என்ஜினின் முகம் தெரிந்தது.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை, யாரும் அழகுக்குக் கை ஆட்டவில்லை. ஆரஞ்சுச் சட்டைகளைத் தரையில் அடிப்பதுபோலக் குறுக்கும் நெடுக்குமாக வீசினோம். டிரைவர் ஹார்னை அழுத்தினார். விடாமல் அழுத்தினார். விலகு விலகு என்கிற அலறல். வேகம் குறையவில்லை. ஆர்லோ ஒதுங்கினார். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் சரிவில் பாய்ந்தார்கள். கொரின் நின்றாள். கோட்டை வீசிக்கொண்டே நின்றாள். முன்விளக்குகளின் வெளிச்சம் பகலிலும் அவள் முகத்தில் விழுந்தது.

"கொரின்! போதும்!"

"பிரேக் போடல! இன்னும் போடல!"

நான் அவள் இடுப்பைப் பிடித்தேன். அவள் என்னை முழங்கையால் குத்தினாள். அந்த நேரத்தில்தான் அது கேட்டது. ஆயிரம் டயர்களில் ஒரே சமயத்தில் காற்று இறங்கினால் எப்படியிருக்கும், அப்படியொரு சீறல். பிறகு இரும்போடு இரும்பு உரசும் ஓலம். அவளைத் தூக்கிக்கொண்டு ஜல்லியில் உருண்டேன். என்ஜின் எங்களைத் தாண்டிச் சறுக்கிப் போனது. சக்கரங்களில் பொறி. ஒன்று, இரண்டு, மூன்று என்று பெட்டிகள் போய்க்கொண்டேயிருந்தன. உள்ளே ஜனங்கள் மேசைகளைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. என்ஜின் பாலத்தில் ஏறிவிட்டது. போகிறதே, போகிறதே என்று என் வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு பெரிய குலுக்கலோடு ரயில் நின்றது.

லாரல் ரன்னின் முன்சக்கரங்கள் பாலத்தின்மேல் இருந்தன. பின்சக்கரங்கள் மண்ணில்.

டிரைவர் இறங்கி வந்தார். மெக்வே என்று பெயர். கோபத்தில் உதடு துடித்தது. "யாரு அந்தப் பொம்பள? எவ்வளவு பேர் உயிர்..." கொரின் பதில் சொல்லாமல் ஏழாவது பெட்டியைக் காட்டினாள். அதற்குள் ரயில் கார்டு, கையில் தீயணைப்பானோடு அந்தப் பின்சக்கரத்தருகே குனிந்திருந்தார். நிழலில் அது இப்போது தெளிவாகவே தெரிந்தது. செக்கச்செவேல் என்று. உருகிய ஏதோ ஒன்று சொட்டுச் சொட்டாக ஜல்லியில் விழுந்து, விழுந்த இடத்தில் காய்ந்த இலை பற்றிக்கொண்டது. கார்டு அதைக் காலால் மிதித்து அணைத்தார்.

"அச்சு வளைஞ்சிருக்கு," என்றார் நிமிராமலே. "பாலத்துக்கு நடுவுல போயிருந்தா..."

மெக்வே தொப்பியைக் கழற்றினார். அந்தச் சிவப்பைப் பார்த்தார். பிறகு கொரினிடம் வந்தார்.

"அந்த கிராசிங்லயும் நீங்கதானம்மா?"

"ஆமா."

"பாத்தேன். எல்லாரும்தான் கை ஆட்டறாங்க." என்றார். "எல்லாரும்தான் ஆட்டறாங்கம்மா."

"எனக்குத் தெரியும்," என்றாள் கொரின். "அது ஒங்க தப்பு இல்ல." அப்படிச் சொல்லிவிட்டு, இரண்டடி நடந்து, ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள்.

நோரீன் படியில் இறங்கி வந்தாள். தலைமுதல் இடுப்புவரை குழம்பு. "எவன்டா பிரேக் போட்டது? ரெண்டு அடுப்புச் சாப்பாடும் தரையில கெடக்குது!" என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நான் அவளைக் கட்டிப்பிடித்தேன். "என்னய்யா, எல்லாரும் பாக்கறாங்க," என்றாள். அப்புறம் சக்கரத்தைப் பார்த்தாள். அதன்பின் அவளும் என்னை விடவில்லை.

யாருக்கும் அடிபடவில்லை என்று சொல்ல முடியாது. மேல்தளம் வைத்த ஒன்பதாவது பெட்டியில் ஒரு முதியவர் மாடிப்படியிலிருந்து விழுந்து தோள் எலும்பு முறிந்தது. அவருடைய மகள் கொரினைப் பார்த்து வாய்க்கு வந்தபடி பேசினாள். கொரின் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள்.

பிற்பகலில் கம்பெனி அதிகாரி ஒருவர் வந்தார். முதலில் டிரைவரிடம், பிறகு கார்டிடம், பிறகு எங்களிடம் கேள்வி கேட்டார். கேமராவை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "சுரங்கத்துலேர்ந்து இங்க வர்ற வரைக்கும் ரயில்ல யாருக்கும் சொல்ல முடியலையா?"

ஹாலிஸ் பத்தடி தூரத்தில் ஜல்லியில் உட்கார்ந்திருந்தார். ரயில் நின்றதிலிருந்து அங்கேதான் இருந்தார். புதுச் சட்டை, கழுத்துப்பட்டை, அதன்மேல் கரி. நான் கொரினைப் பார்த்தேன். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்கும் தெரியவில்லை.

"சொன்னா," என்றார் ஹாலிஸ். எழுந்து வந்தார். "எனக்குப் போன் பண்ணினா. பேரிங் எரியுதுன்னு சொன்னா, ரயில நிறுத்துன்னு சொன்னா. நான் போன வச்சிட்டேன்."

"எட்டிப் பாத்தீங்களா?"

"இல்ல. அவ சொன்னாங்கறதாலயே பாக்கல."

அதிகாரி அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். பிறகு கொரினிடம், "அம்மா, தண்டவாளத்துல நின்னதுக்கு ஒரு எச்சரிக்கை எழுதியாகணும். விதி அப்படி," என்றார் சங்கடத்தோடு.

"எழுதுங்க," என்றாள்.

பயணிகளை ஏற்றிப் போகப் பஸ்கள் வந்தன. பாலத்தில் இருந்த பெட்டிகளோடு என்ஜின் மெல்ல மில்ஸ்டோனுக்குப் போனது. லாரல் ரன் அங்கேயே நின்றது, தூக்கி எடுக்க மறுநாள் ஆள் வர வேண்டும். நோரீன் மிஞ்சிய ரொட்டியைக் கூடையில் போட்டுக்கொண்டு பயணிகளோடு பஸ்ஸில் ஏறினாள். "பசியோட இருக்காங்க, நான் இவங்க கூடவே போறேன். நீ மெதுவா ஓட்டிட்டு வா," என்றாள். "கண்ணாடி எங்க போச்சுன்னு ராத்திரி கேக்கறேன்."

கேமராக்காரர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். ஆப்பிள் எறிந்தவன் வந்து ஏதோ சொல்ல முயன்றான். கொரின் அவன் கையைத் தட்டிக் கொடுத்து அனுப்பினாள். "ரயில் முன்னாடி நீ நிக்கிறது எங்கிட்ட இருக்கு, பிரமாதமா விழுந்திருக்கு. அனுப்பவா?" என்று ஆர்லோ கேட்டார்.

"வேண்டாம் ஆர்லோ. அதப் பாக்க எனக்குத் தெம்பில்ல."

நாங்கள் பிக்கப்பில் ஏறினோம். அவள் பெல்ட்டை மாட்ட மூன்று தரம் முயன்று விட்டுவிட்டாள். நான் மாட்டிவிட்டேன். வண்டியைக் கிளப்பும்போது ஹாலிஸ் சரிவில் ஏறி வந்தார். கொரினின் பக்கத்து ஜன்னலருகே நின்றார்.

"பதினெட்டு பேர் இருந்தாங்க உள்ள," என்றார். "நோரீன் இருந்தா. என் பேத்தி இருந்தா கொரின். நான் போன வச்சிட்டேன்."

"ஆமா," என்றாள்.

அவர் வேறு ஏதோ எதிர்பார்த்து நின்றார். பரவாயில்லை என்றோ, ஒன்றும் ஆகவில்லையே என்றோ. அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கே பிடித்திருக்காது. மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கடைசிப் பஸ்ஸும் போய்விட்டதை அப்போதுதான் கவனித்தேன்.

கொரின் எங்கள் நடுவே இருந்த கேமராப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பெல்ட்டை அவிழ்த்துவிட்டு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏறுங்க," என்றாள்.

அவர் ஏறிக் கதவைச் சாத்தினார். தோளோடு தோள் இடித்தபடி மூவரும் மில்ஸ்டோன்வரை போனோம்.